பன்னீர் அடித்த கம்பளம்

மனிதர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பதினோரு வருடமாக அவர்களுடைய கம்பளங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதுதான் காரணம். மேல்பக்கம் பூவும் கொடியுமாகக் கண்ணைப் பறிக்கும். புரட்டினால் பூச்சி முட்டை, நகத்துண்டு, பிஸ்தா ஓடு, ஒட்டிக் காய்ந்த சூயிங்கம், என்றைக்கோ சிந்திய மாதுளைச் சாறு. ஒரு தடவை முழுப் பல்செட் ஒன்று கிடைத்தது. போன் செய்து சொன்னேன். "அதுவா? அப்பாவோடது. அவர் போய் நாலு வருஷம் ஆச்சே" என்றார் அந்த வீட்டுக்காரர். நாலு வருடமாக அந்தப் பற்களின் மேல் உட்கார்ந்துதான் குடும்பமே சாப்பிட்டிருக்கிறது.

தெஹ்ரானுக்குத் தெற்கே, வராமின் சாலையில் இருக்கிறது ஹாஜியார் நுஸ்ரத்தின் கம்பளம் கழுவும் பட்டறை. வேனில் வந்து இறங்கும் கம்பளத்தை முற்றத்தில் விரித்து, அளந்து, கறை பார்த்து, விலை சொல்லி, மூலையில் எண் போட்ட துணிச்சீட்டைத் தைப்பது என் வேலை. போன் எடுப்பதும் நான்தான். பெண் குரல் என்றால் ஜனங்கள் நம்புவார்கள் என்பது ஹாஜியாரின் கணக்கு. அந்தக் கணக்கு இதுவரை பொய்த்ததில்லை, சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மெஷினில் நெய்தது சதுர மீட்டருக்கு அறுபதாயிரம் தோமான். கையால் நெய்த கம்பளி என்றால் நூற்றைம்பதாயிரம். கறைக்குத் தனி. இதற்கு மேல் 'பாக்' கழுவல் ஒன்று உண்டு. அழுக்குப் போனால் மட்டும் போதாது, அசுத்தம் போக வேண்டும். குழாயிலிருந்து அறாமல் ஓடும் தண்ணீரில் அலசி, பிழிந்து, மறுபடி அலசித் தொழுகைக்குத் தகுதியாக்குவது. அதற்கு மீட்டருக்கு இன்னொரு இருபதாயிரம். குழந்தையோ நோயாளியோ உள்ள வீடுகள் இதைக் கேட்காமல் விடாது.

விலை சொன்னதும் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்.

"ஏம்மா, கழுவச் சொன்னேனா, விலைக்குக் கேட்டேனா?"

"கம்பளிம்மா. பச்சத் தண்ணியிலதான் கழுவணும். சூடு பட்டா சுருங்கிக் கட்டிதட்டிப் போயிடும்."

"பக்கத்துத் தெருவுல எண்பதுக்குக் கழுவறாங்க."

"கழுவுவாங்க. ப்ளீச் ஊத்துவாங்க. ரோஜா உள்ளே போகும், முட்டைக்கோசு வெளியே வரும். பரவாயில்லையா?"

பேசத் தெரியும் எனக்கு. பேசித்தான் பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

நவ்ரோஸ் என்னும் புத்தாண்டுப் பண்டிகைக்கு முந்தைய மாதம் வந்துவிட்டால் ஊரே வீட்டைக் கவிழ்த்துத் துடைக்கும். எல்லாக் கம்பளமும் ஒரே சமயத்தில் வந்து குவியும். நூறு வாங்க வேண்டிய இடத்தில் ஹாஜியார் முந்நூறு வாங்குவார். கடைசி வாரத்தில் மிஞ்சுவதைக் கழுவவே மாட்டார். தூசு தட்டி, மேலாக நுரை போட்டு, சுழல் பிரஷ்ஷால் ஒரு தேய் தேய்த்து, பன்னீர் அடித்து, பிளாஸ்டிக் சுற்றி அனுப்பிவிடுவார். ரசீதில் முழுக் கழுவல், பாக் கழுவல், கறை நீக்கல் என்று எல்லாம் இருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனில், "ஆமாம்மா, சுத்தமா அலசியாச்சு" என்று சொல்லியிருக்கிறேன். நான் யோக்கியம் என்று இங்கே சொல்ல வரவில்லை.

ஷம்ஸியம்மாவின் கம்பளம் நவ்ரோஸுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது வந்தது. கூடவே அவளும் வேனிலிருந்து இறங்கினாள். அப்படி யாரும் வருவதில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும், தையல்காரி, கையில் ரப்பர் உறை. வேலையாட்கள் கம்பளத்தை விரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனார்கள். எத்தனையோ பார்த்தவள் நான், காலையில் தின்ற ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தொண்டை வரை வந்துவிட்டன.

அவள் மட்டும் அசையவில்லை.

"மூத்திரம்" என்றாள். "ஆறு வருஷத்து மூத்திரம். என் மாமியார் இதுமேலதான் படுத்துக் கிடந்தா. இந்த மூலையில மத்ததும் இருக்கு. மறைச்சு என்ன ஆகப்போகுது, நீங்க எப்படியும் கண்டுபிடிப்பீங்க."

"மெத்தைக்கு அடியில ஷீட் போடலையாம்மா?"

"போட்டேன். புடுங்கிப் போட்டுடுவா. ஷீட் போட்டா சவம்னு அர்த்தமாம். நான் போட, அவ புடுங்க. ஆறு வருஷம் இதே வேல." ரப்பர் உறையைக் கழற்றினாள். உள்ளே கை வெந்து வெளுத்திருந்தது. "போன மாசம் போய்ச் சேர்ந்தா. எல்லாரும் தூக்கிப் போடுன்னாங்க. எதுக்குப் போடணும்? இது என் சீர்க் கம்பளம். என் வீட்டுல இருக்கறதே இந்த ஒரு அறைதான், ஆறு வருஷமா அதுல நான் தொழல. சமையல்கட்டுல, அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவுல மடங்கி மடங்கித் தொழுதேன். இந்த நவ்ரோஸுக்கு என் கம்பளத்துல, என் நெத்திய வெக்கணும். அவ்வளவுதான்."

பன்னிரண்டு மீட்டர், பாக் கழுவல், கறை. கூட்டி இருபத்தைந்து லட்சம் தோமான் என்றேன். பேரம் பேசவில்லை. பையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"உன் பேரு என்ன?"

"நஸ்தரன்."

"நஸ்தரன், இங்க கழுவாமலே கழுவினேன்னு சொல்லுவாங்களாம். கேள்விப்பட்டேன். நீ பக்கத்துல நின்னு பாத்துட்டுச் சொல்லு. உன் வாயால சொல்லு, நான் நம்பறேன்."

"நின்னு பாக்கறேன்மா" என்றேன். எப்போதும் சொல்வதுபோல் சொல்லவில்லை. அவளுடைய கைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

எங்கள் பட்டறையில் கழுவத் தெரிந்த ஒரே ஆள் உஸ்தா குர்பான் அலி. அவரைக் கூட்டி வந்து காட்டினேன். குந்தி உட்கார்ந்து, ஈர வெள்ளைத்துணியைச் சிவப்புப் பூவின் மேல் அழுத்தி எடுத்தார். சாயம் ஒட்டவில்லை.

"நல்ல சாயம். தாங்கும்" என்றார். "முதல்ல தூசு. அப்புறம் ஒரு நாள் வினிகர் தண்ணியில ஊறணும். ஊறினா நாத்தம் இன்னும் பொங்கும், பயப்படாத, உள்ள இருக்கறது வெளிய வருதுன்னு அர்த்தம். அப்புறம் ரெண்டு கழுவு, மூணு அலசு. ரெண்டு நாளுக்குள்ள காய வெச்சிடணும், இல்லேன்னா செத்த ஆடு மாதிரி நாறும். வரிசைப்படி வியாழக்கிழமை எடுக்கறேன்."

அவளுடைய சீட்டில் 212 என்று எண் போட்டேன்.

புதன்கிழமை கிணற்று மோட்டார் எரிந்துபோனது. புது மோட்டார் பண்டிகை முடிந்துதான் வரும் என்றான் மெக்கானிக். முற்றத்தில் நூற்று முப்பது கம்பளங்கள் கிடந்தன. ஹாஜியார் தம் அறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"லாரித் தண்ணி சொல்லலாமே ஹாஜியார்?"

"பண்டிகை வாரத்துல லாரியா? தங்கம் குடுத்தாலும் வராது. எல்லாத்துக்கும் நுரை போட்டுடு."

"212-க்கு நுரை ஆகாது. அது மூத்திரக் கம்பளம். காஞ்சு கிடக்கற வரைக்கும் சரி, ஈரம் பட்டா தொட்டதெல்லாம் நஜீஸ். உங்களுக்குத் தெரியாததா?"

இது எங்கள் வீடுகளில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். நஜீஸ், அதாவது அசுத்தம், காய்ந்திருந்தால் காய்ந்ததில் ஒட்டாது. நனைந்தால் தொட்டதற்கெல்லாம் தாவும்.

"தெரியும், தெரியும்" என்று ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "அதைத் தனியா எடுத்து வை. மோட்டார் வந்ததும் கழுவிக் குடுத்துக்கலாம். அந்தம்மாகிட்ட நான் பேசறேன்."

"நிச்சயமா?"

"நான் போன ஹஜ் மேல ஆணையா."

மூன்று தடவை ஹஜ் போனவர். முற்றத்தில் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்கு அவர்தான் முன்னால் நிற்பார். நம்பிவிட்டேன். 212-ஐக் குவியலிலிருந்து இழுத்து வந்து, யார் கையும் படக்கூடாது என்று தனியாக, கழுவும் கொட்டகையின் வாசலை ஒட்டி வைத்தேன். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன். வியாழனும் வெள்ளியும் அம்மாவை டாக்டரிடம் காட்ட விடுப்பு எடுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் வந்தால் வாசலோரம் வெறுமையாக இருந்தது. பட்டறை முழுக்கப் பன்னீர் வாடை தலையைக் கிறுகிறுக்க வைத்தது. உஸ்தா தேநீர்க் குவளையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"உஸ்தா, 212 எங்க?"

"முதல் வண்டியில போயிடுச்சு."

"கழுவாமலயா?"

"நுரை போட்டோம். ஹாஜியார் ஒண்ணு விடாம முடிக்கச் சொன்னார்."

"தனியா வெச்சிருந்தேனே!"

"தனியா வெச்சிருக்குன்னு எனக்கு யார் சொன்னா? அவர் சொல்லல. வாசல்ல கிடந்துது, குவியலைத் தூக்க வேண்டியதில்ல. அதுலயே ஆரம்பிச்சுட்டேன்."

"முதல்லயா?"

"முதல்ல."

"அப்புறம் பிரஷ்ஷைக் கழுவினீங்களா?"

"எதுல கழுவ? நாலு வாளித் தண்ணி. அதையேதான் நூத்தி முப்பதுக்கும் கலக்கிக் கலக்கி…" மீதியைச் சொல்லாமல் குவளையைக் கீழே வைத்தார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. "யா அல்லாஹ்" என்றார்.

ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். ஆறு வருட மூத்திரத்தில் தோய்ந்த பிரஷ் நூற்று முப்பது வீட்டுக் கம்பளத்தில் சுற்றியிருக்கிறது. அதற்கு மேல் பன்னீர். அதன் மேல் குழந்தைகள் புரளும், விருந்தாளிகள் சாப்பிடுவார்கள், ஜனங்கள் நெற்றி வைப்பார்கள். இத்தனைக்கும் முதலில் அது கைக்குக் கிடைக்கும்படி இழுத்து வந்து வைத்தவள் நான். ஹாஜியார் மேல் எனக்கு வந்த அருவருப்பில் பாதி என் மேலும் வந்தது.

அவர் அறையில் அதே நாற்காலி, அதே ஆரஞ்சு. சொன்னேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கண்ணுக்குத் தெரியலேன்னா என்ன இருக்கு? வருஷா வருஷம் நடக்கறதுதான். வாயை மூடிட்டுப் போனைப் பாரு."

"உங்க வீட்டுக் கம்பளம் ரெண்டும் அதே வரிசையிலதான் இருந்துச்சு ஹாஜியார்."

சுளை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. தம் வீட்டில் குழந்தையில்லை, நோயாளியில்லை, வெறும் தூசுதானே என்று அவரே நுரைக்கு விட்டிருந்தார்.

"எத்தனாவது?"

"அஞ்சாவதும் ஆறாவதும்" என்றேன். வேலைப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

முகத்தில் ஈயாடவில்லை. போனைப் பாய்ந்து எடுத்தார். "ஏய், கம்பளம் வந்துச்சா? விரிக்காத! … விரிச்சிட்டியா? … யாரு நடக்கறது? இறங்கச் சொல்லு! ஈரக் காலோட நடக்காதீங்க! … ஏன்னு அப்புறம் சொல்றேன், சுருட்டு, சுருட்டி அனுப்பு!"

வைத்த கையோடு இன்னொரு எண். மூன்று மடங்கு தருகிறேன் என்றார். பத்தே நிமிடம். தங்கம் கொடுத்தாலும் வராத தண்ணீர் லாரி ஒரு மணி நேரத்தில் வருவதாக ஒப்புக்கொண்டது. இத்தனை நாளும் லாரி கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு அவசியப்படவில்லை, அவ்வளவுதான்.

"மத்தவங்களுக்கு?" என்றேன்.

"மத்தவங்களுக்குத் தெரியாதே. தெரியாம தொழுதா பாவமில்ல."

என் மேசைக்கு வந்து ஷம்ஸியம்மாவின் எண்ணைப் போட்டேன். ஹாஜியார் பின்னாலேயே வந்து, பேசாதே என்று கையை ஆட்டினார்.

"நஸ்தரனா? உன் போனுக்குத்தான் காத்திட்டிருக்கேன்" என்றாள். "கம்பளம் வந்துச்சு. விரிச்சுப் போட்டு ஜன்னலெல்லாம் திறந்து வெச்சிருக்கேன். பன்னீர் வாசம் போகட்டும்னு. அது போனா எது பாக்கி இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். நீ சொல்லு மகளே. நின்னு பாத்தியா?"

ஹாஜியாரின் கை என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. நான் பாக்கல. கழுவவே இல்ல. மேல நுரை போட்டுத் தொடச்சிருக்காங்க. மிதிச்சிடாதீங்க, ஈரம்."

"அங்கயே இரு" என்றாள்.

லாரியும் அவளும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தார்கள். யாருடைய பிக்-அப்பிலோ கம்பளத்தைப் போட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். முற்றத்தின் நடுவே ஹாஜியாரின் இரண்டு கம்பளங்களும் விரிந்து கிடந்தன. உஸ்தா லாரியின் குழாயைக் கையில் பிடித்திருந்தார். வேலையாட்கள் சுற்றி நின்றார்கள்.

"வாங்கம்மா" என்றார் ஹாஜியார், சிரிப்பு மாதிரி எதையோ முகத்தில் வரவழைத்துக்கொண்டு. "சின்னத் தவறு. பண்டிகை முடியட்டும், இலவசமாவே கழுவித் தரேன். இது என் சொந்தச் செலவுல வந்த லாரி, பாத்தீங்களா…"

"என் இருபத்தஞ்சு லட்சம் யார் செலவுல போச்சு?"

"அம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பசங்க நிக்கறாங்க."

"நிக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்." அவள் குரலை உயர்த்தவேயில்லை. "ஆறு வருஷம் என் மாமியார் இதுமேல போனா. நான் துடைச்சேன். ஒரு நாளும் அவளை அருவருப்பா ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஏன்னா அவளுக்குப் போறது தெரியாது, அடக்கவும் முடியாது. உங்களுக்கு என்ன ஹாஜியார்? உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

லாரி டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

உஸ்தா குர்பான் அலி குழாயைக் கீழே வைத்துவிட்டுப் போய் பிக்-அப்பிலிருந்து 212-ஐ இறக்கினார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். ஹாஜியாரின் கம்பளங்களை ஓரமாகச் சுருட்டித் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அதை விரித்தோம்.

"குர்பான் அலி! என்ன பண்ற? என் லாரி அது!"

"வரிசைப்படி வியாழக்கிழமை அதோட முறை ஹாஜியார்" என்றார் உஸ்தா. "தாமதமாயிடுச்சு."

ஊற வைக்க நேரமில்லை. வினிகரை அப்படியே ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுத் தண்ணீரைத் திறந்தார். நீண்ட பிடி போட்ட பலகையால் அழுத்தி வழிக்க வழிக்க, பழுப்பும் மஞ்சளுமாக ஏதோ நுரைத்துக்கொண்டு கிளம்பியது. அந்த நாற்றத்தை நான் எழுத மாட்டேன். வேலையாட்கள் சுவர் வரை போய்விட்டார்கள். தண்ணீர் முற்றத்தின் சரிவில் ஓடி ஹாஜியாரின் செருப்பை எட்டியது. அவர் பின்னால் போனார், மறுபடி எட்டியது, மறுபடி போனார். கடைசியில் தம் அறையின் படிமேல் ஏறி நின்றுகொண்டார்.

ஷம்ஸியம்மா ஒவ்வொரு அலசலுக்கும் குந்தி உட்கார்ந்து, முகத்தைக் கம்பளத்துக்கு ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுபோய் மோந்தாள். "இருக்கு" என்பாள். உஸ்தா மறுபடி திறப்பார். "இன்னும் இருக்கு." மறுபடி. ஐந்தாவது தடவை நெடுநேரம் மோந்தாள். அவள் தோள்கள் இறங்கின. "இல்ல" என்றாள். அதன்பின் குழாயை அறாமல் ஓடவிட்டு, பாக் கழுவல் மூன்று தடவை. ஓரத்தில் வடிந்த தண்ணீரில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. லாரியில் இருந்ததும் அத்தோடு தீர்ந்தது.

இயந்திரத்தில் பிழிந்து உலர்த்தும் அறையில் தொங்கவிட்டோம். அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்து அந்த அறை வாசலில் போட்டுக்கொண்டாள். தேநீர் கொடுத்தேன்.

"காயற வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள். "வீட்டுக்குக் கொண்டு போற வரைக்கும் கண்ணை எடுக்கமாட்டேன். நீ போய் உன் வேலையப் பாரு."

மேசைக்குத் திரும்பினேன். ஹாஜியார் அங்கே உட்கார்ந்திருந்தார். நனைந்த செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார்.

"இதோட விடு நஸ்தரன்" என்றார் தணிந்த குரலில். "ஒண்ணு கழுவியாச்சு. மீதியைக் கிளறாத. பட்டறைய இழுத்து மூட வேண்டியதுதான். உனக்கும் சோறு இங்கதான்."

போன் அடித்தது. எடுத்தேன். இளம்பெண் குரல்.

"கம்பளம் இப்பதான் வந்துச்சுக்கா. ரொம்ப வாசமா இருக்கு, தேங்க்ஸ். பாக் கழுவல் ஆயிடுச்சுல்ல? பாப்பா இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கா, இறக்கி விடலாமா?"

"இறக்காதீங்கம்மா" என்றேன். "தூக்குங்க குழந்தையை. அது கழுவல."

திட்ட ஆரம்பித்தாள், என்னை, என் வம்சத்தை, என் பிழைப்பை. கடைசி வரை கேட்டுக்கொண்டேன். அவள் வைத்ததும் பட்டியலை எடுத்து ஹாஜியாரின் முன்னாலேயே விரித்தேன். இன்னும் நூற்றிருபது பேர் இருந்தார்கள். முதல் எண்ணைப் போட்டேன்.